புதுப்பிப்பு: யிப்ஸ் இழையில் ஒரு திருத்தம்

பேஸ்பால் வீரர்களின் கை திடீரென்று எறிய மறந்துபோகும் ‘யிப்ஸ்’ பற்றிய இந்த இழையில், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் பிட்சர் (பேட்டருக்குப் பந்தை எறிபவர்) ரிக் ஆங்கீல் 2000 அக்டோபரில் ஒரே இன்னிங்ஸில் 5 வைல்ட் பிட்ச் (கேட்சரால் பிடிக்க முடியாதபடி தாறுமாறாகப் போகும் எறிதல்) போட்டதோடு அவர் கதை முடிந்தது என்று எழுதியிருந்தேன். தப்பு. முடிந்தது பிட்சராக மட்டும்தான்.

2007 ஆகஸ்டில் அதே கார்டினல்ஸுக்கு, மைதானத்தின் வெளிப்பகுதியில் நிற்கும் அவுட்ஃபீல்டராகத் திரும்பி வந்தார். வந்த அன்றே ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி)! அதைவிட எனக்குப் பிடித்தது 2008 மே மாதம் கொலராடோவில் நடந்தது. சென்டர் ஃபீல்டின் கோடியிலிருந்து ஓடிவருபவர்கள் தொட வேண்டிய மூன்றாம் பேஸுக்கு நேராக எறிந்து, ஒரே ஆட்டத்தில் இரண்டு பேரை அவுட்டாக்கினார். பிட்சராக சுமார் 60 அடி தூரம் எறியத் தடுமாறிய அதே இடது கை. யோசிக்க நேரமில்லாத எறிதல் என்பதால் இருக்கலாம். இது என் ஊகம்தான்.

அப்புறம், “கையில் காயம் இருந்திருக்குமோ?” என்று கேட்டிருந்தீர்கள். பிட்ஸ்பர்க் பிட்சர் ஸ்டீவ் பிளாஸைப் பாருங்கள். 1972-ல் சுமார் 250 இன்னிங்ஸில் 84 வாக் (தவறான எறிதல்களால் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) கொடுத்தார். மறு வருடமும் அதே 84தான், ஆனால் 89 இன்னிங்ஸுக்குள். கையில் கோளாறு எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. இப்படி எறியும் கட்டுப்பாட்டை இழக்கும் வியாதிக்கே அவர் பெயரை வைத்துவிட்டார்கள், பாவம்.

மேலே இருந்த தவறான வரியை நீக்கிவிட்டேன்.