சபையை விட்டு வந்து வருஷமாச்சு, தாத்தாவுக்குக் கொடுத்த ஞானஸ்நானம் மட்டும் செரிக்கல

பாத்தோக்_பொண்ணு:

சிங்கப்பூர்ல மார்மன் சபையில வளர்ந்து வெளிய வந்தவ நான். முழுப்பேரு பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. அம்மாவும் தம்பியும் இன்னும் உள்ளதான் இருக்காங்க.

நான் விலகினதுல சண்டை சச்சரவு ஒண்ணுமில்ல. சபையைத் தொடங்கின ஜோசப் ஸ்மித்தோட பலதார மணத்தைப் பத்தி 2014ல சபையே வெளியிட்ட கட்டுரையைப் படிச்சேன். 1978 வரைக்கும் கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம் கொடுக்கலைங்கிறதையும் படிச்சேன். நம்பிக்கை கொஞ்சங்கொஞ்சமா கரைஞ்சு போச்சு. ஞாயித்துக்கிழமை அம்மா சபைக்குக் கிளம்பினா நான் புளோக்குக்குக் கீழ கோப்பிக்கடைக்குப் போயிடுவேன். சபையில கோப்பி கூடாது, அதனால முதல் தடவை கோப்பி-ஓ (பால் இல்லாத கோப்பி) குடிச்சப்போ என்னமோ புரட்சி பண்ணின மாதிரி இருந்துச்சு. இப்போ அது வெறும் கோப்பி. சமாதானம் ஆயிட்டேன்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

போன மாசம் தம்பி பேங்காக்ல இருக்கிற சபையோட டெம்பிளுக்குப் போயிட்டு வந்தான். சாப்பிடும்போது, ரசத்தை ஊத்திக்கிட்டே, "தாத்தாவோட வேலை முடிஞ்சுது"ன்னான். அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. எனக்கு அடுத்த வாய் இறங்கல.

தெரியாதவங்களுக்கு: "வேலை"ன்னா இதுதான், டெம்பிள்ல செத்துப்போனவங்களுக்காக உயிரோட இருக்கிறவங்க ஞானஸ்நானம் எடுப்பாங்க. நானே எடுத்திருக்கேன், சின்ன வயசுல, ஹாங்காங் டெம்பிள்ல. வெள்ளை உடுப்பு, எருதுச் சிலைகள் தாங்குற தொட்டி, வெதுவெதுன்னு தண்ணி. பேரை வாசிப்பாங்க, முக்குவாங்க, மூக்குல ஏறின தண்ணியைச் சிந்துறதுக்குள்ள அடுத்த பேரு. எல்லாம் எப்பவோ செத்துப்போன, முன்னப்பின்ன தெரியாத பொம்பளைங்க. அன்னிக்கு அது எனக்கு ஒண்ணுமே செய்யல.

ஆனா இது என் தாத்தா. அம்மாவோட அப்பா. நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பலேறி வந்து ஹார்பர் போர்டுல மூட்டை தூக்கினவரு. அம்மா ஞானஸ்நானம் எடுத்தப்போ ஒரு வார்த்தை பேசலையாம். ஹால்ல இருந்த முருகன் படத்தை மட்டும் கழட்டித் தன் கட்டில் தலைமாட்டுல மாட்டிக்கிட்டாராம். உடம்புல தெம்பு இருந்த வரைக்கும் தைப்பூசத்துக்குப் பெருமாள் கோயில்லேருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை காவடி எடுத்தாரு.

அந்தச் சடங்குல எதுவும் இல்லைன்னு நம்புறவளுக்கு இது ஏன் உறைக்கணும்? கோபம் வருதுன்னா இன்னும் பாதி நம்புறேனா? என் உறுப்பினர் பதிவை நீக்கச் சொல்லிக் கடிதம் எழுதிட்டேன். இன்னும் அனுப்பல.

பழைய_எல்டர்:

ரெண்டு வருஷம் மிஷன் (சபைக்காக ஊழியம்) போய், அப்புறம் வெளிய வந்தவன். கோபப்பட நம்பிக்கை தேவையில்லைங்க. ஹோலோகாஸ்ட்ல (நாஜிகளோட இனப்படுகொலையில) செத்த யூதர்களுக்கு இதே மாதிரி ஞானஸ்நானம் கொடுத்தது வெளிய வந்தப்போ யூத அமைப்புகள் கொதிச்செழுந்துச்சு. 1995ல அந்தப் பேர்களை நீக்க சபை ஒத்துக்கிச்சு. எதிர்த்தவங்க யாரும் அந்தச் சடங்கை நம்பலையே. தாத்தா சார்பா யாரு பேசலாம்ங்கிறதுதான் உங்க கேள்வி.

சபை விதிப்படி, 110 வருஷத்துக்குள்ள பிறந்தவங்களுக்கு நெருங்கின உறவோட அனுமதி வேணும். பெத்த மகளுக்கு அந்த உரிமை உண்டு. அம்மா முறைப்படிதான் செஞ்சிருக்காங்க. பேத்தியைக் கேட்கணும்னு விதியில்ல, ஆனா கேட்டிருக்கலாம்.

எனக்கு மனசு ஆறினது ஒரு விஷயத்தாலதான். ஜோசப் ஸ்மித்தோட அண்ணன் ஆல்வின் 1823ல ஞானஸ்நானம் இல்லாமலே செத்துப்போனாரு. அவர் நரகத்துக்குத்தான் போயிருப்பார்ங்கிற தோரணையில போதகர் பேசினதாக் குடும்பத்துல ஒருத்தர் பின்னாடி சொல்லியிருக்காரு. 1840ல அமெரிக்காவுல நாவூங்கிற ஊர்ல, அதுவும் ஒரு சாவு வீட்டுலதான், இந்த ஞானஸ்நானத்தை ஜோசப் முதல்ல பகிரங்கமாப் பேசினாரு. அவரைத் தீர்க்கதரிசின்னு நான் இப்போ நம்பல. அண்ணனைப் பறிகொடுத்தவருன்னு நம்புறேன். அதே மாதிரி உங்க அம்மா அப்பாவைப் பறிகொடுத்தவங்க. இன்னொண்ணு: அந்தப் போதனைப்படியே, ஏத்துக்கிறதும் தள்ளுறதும் தாத்தா இஷ்டம். அவரு என்ன பதில் சொல்லுவாருன்னு அம்மாவுக்குத் தெரியாதா?

கடிதம் தனி விஷயம். பதிவை நீக்கினா உங்க ஞானஸ்நானமும் சபைக் கணக்குல ரத்தாயிடும், அம்மாவுக்கு அது இன்னொரு சாவு. நான் அனுப்பினேன், வருத்தமில்ல. நீங்களும் அனுப்பலாம், ஆனா தாத்தாவை வச்சு அனுப்பாதீங்க.

சிராங்கூன்_சித்தி:

கண்ணு, நான் இந்துதான், உங்க சபையைப் பத்தி ஒண்ணும் தெரியாது. எங்க வீட்டுல மாளய அமாவாசைக்குத் தர்ப்பணம் கொடுக்கிறப்போ, காருண்ய பித்ருக்கள்னு சொல்லி, உறவுக்காரங்க, சிநேகிதக்காரங்கன்னு எல்லாருக்கும் சேர்த்துத்தான் எள்ளுந்தண்ணியும் விடுவாங்க. எங்க வீட்டுக்காரரோட வேலை பார்த்த ஒரு பிலிப்பினோக்காரரு பேரையும் அதுல சேர்த்துக்குவாரு. அவரு மாதா கோயிலுக்குப் போனவரு. யாரும் அவங்க குடும்பத்தைக் கேட்கல.

அதனால சரின்னு சொல்லல. நான் கேட்கிறது வேற: அம்மா ஒரு பக்கம் செய்யறாங்க, உன் தாத்தாவுக்கு அவர் வழியில செய்ய யாரு இருக்கா? நீ கோயில்ல ஒரு மோட்ச விளக்கு ஏத்தினியா?

இன்னும்_உள்ளே:

நான் இப்பவும் போறவ. ஒண்ணு தெளிவாச் சொல்லணும், இதனால தாத்தா பேரு சபை உறுப்பினர் கணக்குல சேராது. தம்பி அன்புலதான் செஞ்சிருப்பாரு. அதைச் சாப்பாட்டு மேசையில அப்படிப் போட்டு உடைச்சது எனக்கும் பிடிக்கல.

ஃபேமிலிசர்ச்சுல (சபையோட வம்சாவளி இணையதளம்) தாத்தா பக்கத்தைத் திறந்து பாருங்க. உறுப்பினரா இருக்கணும்னு இல்ல, இலவசக் கணக்கு போதும். இறந்தவங்களோட பக்கத்தை யாரும் திருத்தலாம், படமும் கதையும் சேர்க்கலாம்.

பாத்தோக்_பொண்ணு:

சித்தி, சுளீர்னு கேட்டுட்டீங்க. இல்ல, ஏத்தல. ஒரு சபையை விட்டுட்டு உடனே இன்னொரு வாசல்ல போய் நிக்க எனக்குக் கூச்சமா இருக்கு. யோசிக்கிறேன்.

எல்டர் அண்ணே, ஆல்வின் கதையை சபையில கேட்டிருக்கேன், தரிசனத்துல அவரைப் பரலோகத்துல பார்த்த பாகத்தைத்தான் அழுத்திச் சொல்லுவாங்க. போதகர் சங்கதி எனக்குப் புதுசு.

தாத்தா பக்கத்தைப் பார்த்தேன். ஒரே தப்பு! தம்பி அவரோட அப்பா பேரைக் குடும்பப் பேரா போட்டு வச்சிருக்கான். பிறந்த ஊரு நாகப்பட்டினமாம். அது கப்பலேறின ஊரு, சொந்த ஊரு திருத்துறைப்பூண்டி பக்கத்துல ஒரு கிராமம். தொழில்ங்கிற இடம் காலி. இவ்வளவு அரைகுறையா வச்சுக்கிட்டா டெம்பிளுக்குக் கொண்டு போனான்? காவடியோட நிக்கிற படம் என்கிட்ட இருக்கு. ஏத்தினா தம்பி அழிச்சிடுவானா?

இன்னும்_உள்ளே:

படத்தை ஏத்தினவங்கதான் அழிக்க முடியும். தகவலைத் திருத்தினா யாரு எப்போ திருத்தினாங்கன்னு பதிவாகும், பழையபடி மாத்தவும் முடியும். தம்பிகிட்ட முன்னாடியே சொல்லிட்டுச் செய்யுங்க.

பாத்தோக்_பொண்ணு:

அவன் என்கிட்ட முன்னாடி சொல்லலையே! சரி, சொல்றேன். கிராமத்துப் பேரு அம்மாவுக்கும் தெரியல, பெரிய மாமாவுக்குத்தான் தெரியுமாம். சனிக்கிழமை ஈசூன்ல அவர் வீட்டுக்கு அம்மாவோட போறேன். கடிதத்தை அப்புறம் பார்க்கலாம், அனுப்பினாலும் அனுப்புவேன்.