வாலிநோக்கம் கொட்டகைக்கு சோலார்: ஃப்ரிட்ஜ் தாங்குமா?

வணக்கம். வாலிநோக்கம் பக்கம் கடலோரம் சின்னதாக ஓர் ஓலைக் கொட்டகை; கரண்ட் இணைப்பு கிடையாது. 330 வாட் பேனல் ஒன்று, 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர்-ஹவர்) ட்யூபுலர் பேட்டரி ஒன்று. இரண்டையும் பெருக்கினால் கணக்குக்கு 1,800 வாட்-ஹவர். பாதிக்குக் கீழே இறக்காமல் பார்த்தால் 900தான் கைக்கு வரும்.

30 வாட் ஃபேன் ராத்திரி பத்து மணி நேரம் ஓடினால் 300. இதுவரை சரி. இப்போது அண்ணன் மீன் வைக்க 12 வோல்ட் ஃப்ரிட்ஜ் வேண்டும் என்கிறார். 45 வாட் கம்ப்ரசர் பாதி நேரம் ஓடினாலே நாளைக்கு 540! ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு நாள் வெயில் இல்லாவிட்டால் முடிந்தது கதை.

இன்னொரு பேனல் போடலாமா, லித்தியம் பேட்டரிக்கு மாறலாமா? அப்புறம், உப்புக்காற்றில் பேட்டரி டெர்மினல் மாதத்துக்கு ஒருமுறை பச்சை பூத்துவிடுகிறது. வாஸ்லைன் தடவுகிறேன், போதவில்லை. கடலோரத்தில் வைத்திருப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்?