புதுப்பிப்பு: கொல்லைப்புற வானோக்ககத்தில் கூரை ஓடுகிறது

கொல்லையில் தொலைநோக்கி வைக்க, கூரையைத் தள்ளித் திறக்கும் அறை ஒன்று கட்டுகிறேன். சுவர், தொலைநோக்கி நிற்கும் தூண் வரை முன்பே எழுதியிருந்தேன். 10க்கு 8 அடி அறை, சென்னைப் பக்கம். இப்போது கூரை.

தண்டவாளம், கவிழ்த்து வெல்டிங் செய்த எல் ஆங்கிள் (L வடிவ இரும்புப் பட்டை). மேலே ஸ்லைடிங் கேட்டுக்குப் போடும் வி பள்ளச் சக்கரம் (விளிம்பில் V வடிவப் பள்ளம் உள்ளது), ஒரு பக்கம் மட்டும். மறுபக்கம் தட்டைச் சக்கரம்தான். இரண்டிலும் வி போட்டால், தண்டவாளம் சில மில்லிமீட்டர் இணை விலகினாலே கூரை நடுவழியில் இறுகி நிற்கும்.

கூரையை வடக்கே தள்ளலாமா என்று கேட்டவர்களுக்கு: வேண்டாம். தொலைநோக்கியின் அச்சைச் சரிசெய்யப் பார்க்கும் துருவ நட்சத்திரம் இங்கே 13 பாகை உயரத்தில்தான். திறந்த கூரையே மறைத்துவிடும். மேற்கே தள்ளுங்கள்.

புயலுக்குக் கூரையின் எடையை நம்பாதீர்கள், காற்று கீழிருந்து தூக்கும். நான்கு மூலையிலும் டர்ன்பக்கிள் (திருகி இறுக்கும் இணைப்பு) கட்டாயம். பூட்டும் கொக்கி சுவர் பூச்சில் அல்ல, கான்கிரீட் பெல்ட்டில் (சுவரோடு சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டையில்) இறங்கியிருக்க வேண்டும்.