அசற்றோனில் கலங்கியது, எதனோலில் ஏன் கலங்கவில்லை?

கல்லடி உயர்தர மாணவி:
செய்முறை வகுப்பில் 1-புரோமோபியூட்டேனைச் சோடியம் அயடைட்டுக் கரைசலுடன் சேர்த்தோம். அசற்றோன் இருந்த சோதனைக்குழாய் சில நிமிடங்களில் பால்போலக் கலங்கியது. எதனோல் இருந்த குழாயோ மணி அடிக்கும்வரை தெளிவாகவே நின்றது. ஆகவே, புரோமீனின் இடத்தை அயடீன் பிடிக்கும் இந்த இரசாயனத் தாக்கம் எதனோலில் மெதுவானது என்று பதிவேட்டில் எழுதினேன். எதனோலும் அசற்றோனைப் போல முனைவுக் கரைப்பான் (மூலக்கூறின் ஒரு பக்கம் சற்று நேரேற்றமும் மறுபக்கம் சற்று மறையேற்றமும் கொண்டது)தானே? பிறகு ஏன் இந்த வேறுபாடு?

வந்தாறுமூலையான்:
தங்கச்சி, எதனோலில் ஒட்சிசனோடு பிணைந்த ஐதரசன், அயடைட்டு அயனை ஐதரசன் பிணைப்பால் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியிலிருந்து ஓரளவாவது விடுபட்டால்தான் அயன் காபனைத் தாக்க முடியும். அசற்றோனின் ஐதரசன்கள் காபனோடு பிணைந்தவை என்பதால் அவை அவ்வாறு பிடிப்பதில்லை. இதே 1-புரோமோபியூட்டேனுடன் ஏசைட்டு அயன் தாக்கமுறும் வீதத்தை எதனோலைப் போல ஐதரசனால் பிடிக்கும் மெதனோலில் 1 எனக் கொண்டால், அசற்றோனைப் போல அவ்வாறு பிடிக்காத இருமெதைல் சல்பொட்சைட்டில் அது ஏறத்தாழ 1300, அசற்றோநைத்திரைலில் ஏறத்தாழ 5000 ஆகும். அயடைட்டு பெரிய அயன் என்பதால் அதன்மீதான பிடி சற்றுத் தளர்வானது; குளோரைட்டில் இந்த விளைவு இன்னும் கடுமையாகத் தெரியும்.

கல்முனை ஆய்வுகூடத்தான்:
அண்ணா சொன்ன காரணம் சரி, ஆனால் தங்கச்சியின் சான்று அதைக் காட்டவில்லை. நீங்கள் பார்த்த கலங்கல், தாக்கத்தில் வெளியேறும் புரோமைட்டு சோடியத்தோடு சேர்ந்து உண்டாகும் சோடியம் புரோமைட்டு. அது அசற்றோனில் கரையாது என்றே சொல்லலாம். எதனோலில் ஓரளவு கரையும். ஆகவே தெளிவாக நின்ற குழாயிலும் தாக்கம் நடந்துகொண்டிருந்திருக்கலாம். மார்கழி மழைக்காலத்தில் மூடி சரியாக இறுகாத அசற்றோன் போத்தல் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்போது அந்தக் குழாயிலும் கலங்கல் பிந்தும்.

கல்லடி உயர்தர மாணவி:
2-குளோரோ-2-மெதைல்புரொப்பேனுக்கும் இதே விளக்கம் பொருந்துமா?

வந்தாறுமூலையான்:
பொருந்தாது, அங்கே நிலைமை தலைகீழ். குளோரைட்டு தானாகப் பிரிந்து காபோகற்றயன் (காபனில் நேரேற்றம் கொண்ட அயன்) உருவாவதே வீதத்தைத் தீர்மானிக்கும் படி. பிரிந்துவரும் அயன்களைக் கரைப்பான் தாங்கினால் தாக்கம் விரையும். இதனால் நீரில் வீதம் எதனோலில் உள்ளதைவிட இலட்சம் மடங்குக்கும் மேல். தாக்கம் நடக்கும்போது ஏற்றம் புதிதாக உருவாகிறதா, பரந்து ஐதாகிறதா என்று பார்க்கும் இந்த முறையை இரசாயனவியலாளர்களான இயூசும் இங்கோல்டும் 1935 இல் வகுத்தார்கள்.

கல்லடி உயர்தர மாணவி:
இன்று வெறும் எதனோலிலும் வெறும் அசற்றோனிலும் கரண்டி நுனியளவு சோடியம் புரோமைட்டைப் போட்டுக் குலுக்கினேன். எதனோலில் கரைந்துவிட்டது, அசற்றோனில் அடியிலேயே கிடந்தது. பதிவேட்டில் அந்த வரியை வெட்டிவிட்டேன்.