வெப்பம் ஏறினால் ஈரப்பதக் கோடு இறங்குவது ஏன்?

வளவுவீடு (கானாடுகாத்தான்):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில், பழைய கணக்கேடுகளும் ஓலைச்சுவடிகளும் உள்ள அறையில் ஒன்று, முற்றத்துத் தாழ்வாரத்தில் ஒன்று என வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பதியும் கருவிகளை வைத்திருக்கிறேன். தாழ்வாரத்து வரைபடத்தில் விடியற்காலை 25 டிகிரி, 90 சதவீதம். பிற்பகலில் 35 டிகிரி, 52 சதவீதம். பகலில் ஈரம் வெளியேறி இரவில் திரும்புகிறதா? அப்படியானால், ஐப்பசி மழை நாட்களில் நண்பகலில் அறைச் சன்னல்களைத் திறந்து வைக்கலாமா? சுவடிகளில் பூசணம் பிடித்துவிடுமோ என்பதே என் கவலை.

இயற்பியல் ஆசிரியர் (காரைக்குடி):
ஆச்சி அவர்களுக்கு வணக்கம். ஈரம் எங்கும் போகவில்லை. கருவி காட்டுவது ஒப்பு ஈரப்பதம். அதாவது, அந்த வெப்பநிலையில் காற்று அதிகபட்சம் கொள்ளக்கூடிய நீராவியில் எத்தனை பங்கு இப்போது இருக்கிறது என்பது. ஒரு கன மீட்டர் காற்று 25 டிகிரியில் ஏறத்தாழ 23 கிராம் நீராவியைக் கொள்ளும். 35 டிகிரியில் அந்த அளவு 39 கிராமைத் தாண்டிவிடும். காலையில் இருந்த ஏறத்தாழ 21 கிராம் பிற்பகலிலும் அப்படியே இருந்தால், 90 சதவீதம் தானாகவே 52 சதவீதத்துக்கு அருகில் வந்துவிடும்.

ஆகவே பனிநிலையைப் பாருங்கள். காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால் எந்த வெப்பநிலையில் நீர் துளிர்க்கத் தொடங்குமோ, அதுவே பனிநிலை. உங்கள் இரண்டு அளவுகளுக்குமே அது ஏறக்குறைய 23 டிகிரிதான். பல செயலிகளில் இதைத் தனிக் கோடாக வரையும் வசதி உண்டு.

சன்னல் விஷயத்தில்தான் எச்சரிக்கை வேண்டும். மழைக்கால நண்பகலில் வெளியே 31 டிகிரி, 70 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கனத்த சுவர்கள் காக்கும் உங்கள் அறை 27 டிகிரியில் இருந்தால், அதே காற்று உள்ளே வந்து குளிர்ந்ததும் 88 சதவீதத்தை எட்டும். நீண்ட நாள் 70 சதவீதத்துக்கு மேல் நின்றாலே பூசணத்துக்கு வழி பிறந்துவிடும். வெளிக்காற்றின் பனிநிலை அறையினுடையதைவிடக் குறைந்திருக்கும் வேளையில் மட்டும் திறப்பதே நல்லது.

கருவிப்பிரியன் (தேவகோட்டை):
ஆசிரியர் ஐயா சொன்னதோடு இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன். செயலி ஒவ்வொரு நாளும் அச்சின் எல்லையைத் தானே மாற்றிக்கொள்வதால், 3 சதவீத ஏற்றமும் மலைபோல் தெரியும். முதலில் அச்சின் எண்களைப் படியுங்கள். கருவியையும் சரிபார்த்துவிடுங்கள்: சமையல் உப்பில் சில துளி நீர் விட்டு ஈரமான களியாக்கி ஒரு சிறு கிண்ணத்தில் இட்டு, கருவியின்மேல் படாமல் இரண்டையும் காற்றுப் புகாத டப்பாவில் ஒரு நாள் மூடி வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். வேறுபாடு இருந்தால் அதைக் கழித்தோ கூட்டியோ படிக்கலாம்.

வளவுவீடு:
இருவருக்கும் மிக்க நன்றி. கோடை மழை பெய்த மாலையில் தாழ்வாரத்து ஈரப்பதம் திடீரென ஏறியது. அதுவும் குளிர்ச்சியால் மட்டும்தானா?

இயற்பியல் ஆசிரியர்:
பனிநிலைக் கோடே அதைப் பிரித்துக் காட்டும், ஆச்சி. வெப்பநிலை விழுந்தும் பனிநிலை அசையாமல் இருந்தால் குளிர்ச்சி மட்டுமே காரணம். பனிநிலையும் சேர்ந்து ஏறியிருந்தால், நனைந்த முற்றத்துக் கல்லிலிருந்து ஆவியான நீரோ, மாலையில் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றோ ஈரத்தை உண்மையாகவே கூட்டியிருக்கிறது. அன்றிரவு சுவடி அறைக் கதவைச் சாத்தியே வையுங்கள்.