புரட்டாசி விரதமும் உணவுக் கோளாறிலிருந்து மீளும் மகளும்

கேள்வி (தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத் தாய்): அனோரெக்சியாவிலிருந்து (எடை கூடுமோ என்ற அச்சத்தில் உணவை மிகவும் குறைத்துவிடும் நோய்) மீண்டுவரும் என் மகள், புரட்டாசியில் இறைச்சியைத் தவிர்க்கும் எங்கள் வீட்டு வழக்கத்தோடு, சனிக்கிழமைகளில் ஒருவேளை மட்டும் உண்ணும் விரதத்தையும் இருப்பேன் என்கிறாள். பக்தி அவளுக்கு ஆறுதல் தருவதால் தடுக்கத் தயங்குகிறேன். என்ன செய்யலாம்?

மறுமொழி (பீனிக்ஸ் உணவியலாளர்): அம்மா, இவ்வாண்டு விரதம் வேண்டாம். எடை கூடிய பின்னரும் எலும்பின் உறுதியும் மாதவிடாயும் சீராக நாளாகும். தவிர்க்கும் ஒரு வேளை உணவே பழைய எண்ணங்களைத் தூண்டிவிடக்கூடும். சைவ உணவு குறித்தும் சிகிச்சையளிக்கும் மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள். மயக்கமோ நெஞ்சுப் படபடப்போ தோன்றினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

மறுமொழி (சாட்ஸ்வொர்த் வாசகி): அக்கா, நானும் புலிமியாவிலிருந்து (அளவுமீறி உண்டுவிட்டு, வாந்தியெடுப்பது போன்ற வழிகளில் அதை ஈடுகட்ட முயலும் நோய்) மீண்டவள். சாமிக்காக உண்ணவில்லை என்றால் நம் வீடுகளில் எவரும் கேள்வி கேட்பதில்லை, பாராட்டவும் செய்வார்கள். நோய்க்கு அதைவிட நல்ல மறைவிடம் ஏது? (கோயில் பெண்களின் "இளைத்து அழகாகிவிட்டாய்" வேறு!) எனக்குத் துணைநின்றது பட்டினி அல்ல; தேவாரம் பாடும் குழுவும், பிறரோடு அமர்ந்து உண்ட அன்னதானமும்தான்.

மறுமொழி (பீட்டர்மாரிட்ஸ்பர்க் அன்பர்): நோயுற்றோர் விரதமிருக்க வேண்டியதில்லை என்பது நம் பெரியோர் வழக்கமே. அதை உங்கள் குருக்களே அவளிடம் சொல்லட்டும். தாய் சொல்லைவிட எளிதாக ஏற்பாள்.