முதல் கேமரா வாங்கப் போகிறோம், மும்பை நண்பர்கள் வழி சொல்லுங்கள்

மாட்டுங்காவில் இருக்கிறோம். கல்லூரி போகும் என் மகளுக்கு செவ்ரி சேற்றுப்பரப்பில் இறங்கும் பூநாரைகளைப் படம் பிடிக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

போரா பஜாரில் ஒரு கடையில் விசாரித்தோம். மெகாபிக்சல் கணக்கைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், படத்தைப் பதியும் சென்சார் பற்றிப் பேச்சே இல்லை. வீட்டுக்கு வந்து நாங்களே தேடிப் படித்தோம். ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36×24 மி.மீ., ஏபிஎஸ்-சி சுமார் 23.5×15.6 மி.மீ. இந்தச் சிறிய சென்சாரில் 200 மி.மீ. லென்ஸ் மாட்டினால், ஃபுல் ஃப்ரேமில் 300 மாட்டியதுபோல் பறவை பெரிதாகத் தெரியுமாம். அப்படியென்றால் எங்களுக்கு ஏபிஎஸ்-சியே போதும்தானே?

குழப்பம் வெளிச்சத்தில்தான். பறக்கும் பறவைக்கு ஷட்டர் 1/1000 நொடியிலோ அதைவிட வேகமாகவோ திறந்து மூட வேண்டும் என்கிறார்கள். விடியற்காலை மங்கல் வெளிச்சத்தில் அதற்காக ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) ஏற்றினால் படம் புள்ளி புள்ளியாகிவிடாதா? எதுவரை ஏற்றலாம்?

அப்புறம், உள்ளே கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா வாங்கி மிச்சப் பணத்தை நல்ல லென்ஸில் போடலாமா, கண்ணாடி இல்லாத புது மிரர்லெஸ்ஸே மேலா? பழையது என்றால் ஷட்டர் கவுண்ட் (ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியது என்ற கணக்கு) தவிர வேறு என்ன பார்க்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை செவ்ரி பக்கம் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், நாங்களும் வருகிறோம். அவள் உங்கள் கேமராவை ஐந்து நிமிடம் கையில் பிடித்துப் பார்த்தாலே பெரிய உதவி.